ரயில் அட்டவணையை எந்த அளவுக்கு நம்பலாம்?

சுங்குவார்சத்திரத்தில் ரயில் நிலையம் இல்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளிலும் இதே நிலைதான். ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்குப் புதிய பாதை வரும் என்று அறிவித்துப் பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆகவே, இங்கு வேலை பார்க்கும் தென்மாவட்டச் சகோதரர்கள் பெருநாளுக்கு ஊர் போய்த் திரும்பினால், தாம்பரத்தில் இறங்கி, பஸ் பிடித்து, ஷிப்டுக்கு ஓட வேண்டும். ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு அன்றைய கூலி போய்விடுகிறது. உம்ரா விமானத்தைப் பிடிக்க ரயிலில் வரும் குடும்பத்துக்கு இழப்பு இன்னும் பெரிது.

அட்டவணை எந்த அளவுக்குக் காப்பாற்றப்படுகிறது? மத்திய தணிக்கைத் துறையின் (சி.ஏ.ஜி.) அறிக்கைப்படி, மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களின் நேரந்தவறாமை 2012-13ல் 79 சதவீதமாக இருந்தது, 2018-19ல் 69.23 சதவீதமாகக் குறைந்தது. அதாவது, பத்து ரயில்களில் மூன்று தாமதம்.

இந்தக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ரயில் கடைசி நிலையத்தை 15 நிமிடத்துக்குள் அடைந்துவிட்டால் அது 'சரியான நேரம்'. நடுவழியில் எவ்வளவு தாமதித்தாலும் இதில் வராது. அதனால்தான் கடைசி நிலையத்துக்குச் சற்று முன்பு அட்டவணையில் கூடுதல் நிமிடங்களைச் சேர்த்து வைக்கிறார்கள். எழும்பூரிலிருந்து தாம்பரம் போகும் நேரத்தையும், அதே ரயில் தாம்பரத்திலிருந்து எழும்பூர் வரும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், புரியும். எழும்பூரில் 'சரியான நேரம்' எனப் பதிவாகும் ரயில், தாம்பரத்தில் இறங்குபவருக்குத் தாமதமாகவே வந்திருக்கலாம்.

இரண்டு ரயில் மாறுவோருக்கு ஆபத்து பெருகும். ஒவ்வொன்றும் சரியாக வரும் வாய்ப்பு 70 சதவீதம் என்றால், இரண்டுமே சரியாக வரும் வாய்ப்பு 49 சதவீதம்தான். வாலாஜாபாத், காஞ்சிபுரம் வழியாகச் செல்லும் செங்கல்பட்டு–அரக்கோணம் தடம் நீண்ட காலமாக ஒற்றைப் பாதை. அங்கே ஒரு ரயில் தாமதமானால் எதிரே வரும் ரயிலும் நிலையத்தில் காத்து நிற்க வேண்டும்.

அப்படியானால் எப்படித் திட்டமிடுவது? நீங்கள் ஏறப்போகும் ரயில் உங்கள் நிலையத்துக்கு எத்தனை மணிக்கு வருகிறது என்பதை, ரயில்வேயின் என்.டி.இ.எஸ். தளத்தில் பார்த்துப் பத்து நாள் குறித்து வையுங்கள். உதாரணத்துக்கு, தாமதம் 0, 5, 5, 8, 10, 12, 15, 20, 90, 130 நிமிடங்கள் என்று வைத்துக்கொள்வோம். சராசரி சுமார் 30 நிமிடம். அதை நம்பி அரை மணி நேரம் மட்டும் ஒதுக்கினால், பத்தில் இரண்டு முறை ஏமாறுவோம். ஷிப்டுக்கு இந்தத் துணிச்சல் சிலருக்குப் பரவாயில்லை. விமானத்துக்கு, விசா நேர்காணலுக்கு இது போதாது. முந்தைய நாளே வந்துவிடுவதுதான் அறிவுடைமை. தவக்குல் வைப்பது கணக்குப் போடாமல் இருப்பதற்கான காரணம் ஆகாது.

உரிமைகளையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஏறும் நிலையத்துக்கு ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், பயணத்தைக் கைவிட்டு முழுக் கட்டணத்தையும் திரும்பப் பெறலாம். ரயில் புறப்படும் முன்பே டி.டி.ஆர். பதிவு செய்ய வேண்டும். இரண்டு ரயில் மாறுவோர் இரு பி.என்.ஆர்.களையும் இணைத்துக்கொள்ளும் வசதி 2019 ஏப்ரல் முதல் உள்ளது.

2016ல் அஜ்மீர்–ஜம்மு எக்ஸ்பிரஸ் நான்கு மணி நேரம் தாமதமானதால் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்ட குடும்பத்துக்கு, 30,000 ரூபாய் இழப்பீடு வழங்கும் உத்தரவை 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தாமதத்துக்குத் தக்க காரணத்தை ரயில்வே நிரூபிக்க வேண்டும் என்றும் கூறியது. டிக்கெட், ரசீது, தாமதத்தைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

கடைசி நிலையத்தின் சதவீதம் மட்டும் மக்களுக்குப் போதாது. ஒவ்வொரு ரயிலும் ஒவ்வொரு நிலையத்துக்கும் எவ்வளவு தாமதமாக வருகிறது என்ற விவரத்தை ரயில்வே மாதந்தோறும் வெளியிட வேண்டும். தினக்கூலியை நம்பி ரயில் ஏறுபவர் கேட்கும் நியாயமான கோரிக்கை இது. நம் ஜமாஅத்துகளும் எம்.பி.க்களிடம் இதை எடுத்துச் செல்லலாம்.