வானில் வழங்கும் சொல்

விமானத்தைச் செலுத்துபவர் விமானி என்பதை அறியாதார் இலர். ஆயினும், அவர் தம் விருப்பம்போல் அதனைச் செலுத்திவிட இயலாது. எப்போது புறப்படுவது, எவ்வளவு உயரத்தில் பறப்பது, எந்த ஓடுபாதையில் இறங்குவது என்பவற்றையெல்லாம் அவருக்குக் கூறுபவர், நிலத்தில் அமர்ந்திருக்கும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ஆவார். பெரும்பாலும் இவ்விருவரும் ஒருவரையொருவர் கண்டறியார். இருவரையும் இணைப்பது வானொலியில் வரும் குரல் ஒன்றே.

எதிரே நின்று பேசுவோர்க்குச் சொல் மட்டுமா துணைசெய்கிறது? முகமும் கண்ணும் துணைசெய்கின்றன. கேட்பவர் புருவத்தைச் சற்றே நெரித்தாலும், பேசுபவர் அதனைக் கண்டு மீண்டும் சொல்கிறார். வானொலியில் புருவம் தெரிவதில்லை. மேலும், ஒரே அலைவரிசையைப் பல விமானங்கள் பகிர்ந்துகொள்வதால், ஒருவர் பேசி முடித்த பின்னரே மற்றொருவர் பேசவேண்டும். இருவர் ஒருங்கே பேசினால் இருவர் பேச்சும் கெடும். பேசுவோர் தாய்மொழியும் பல வேளைகளில் வேறு வேறாக இருக்கும்.

இவ்விடர்கள் யாவும் ஒரே நாளில் ஒன்றுகூடிய இடம், ஸ்பெயின் நாட்டுக்குரிய கானரித் தீவுகளுள் ஒன்றாகிய டெனரீப். 1977ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27ஆம் நாள், அண்டைத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்தது. அங்கு இறங்கவேண்டிய விமானங்கள் பல டெனரீபிலிருந்த நிலையத்துக்குத் திருப்பி விடப்பட்டன. அவற்றுள் டச்சு நாட்டு விமானம் ஒன்று. அமெரிக்க விமானம் ஒன்று. இரண்டும் போயிங் 747 வகையைச் சார்ந்த பெரிய விமானங்கள். நிலையத்தில் இடம் போதாமையால், புறப்படுவதற்கு முன் இரண்டும் ஓடுபாதையின் மேலேயே ஊர்ந்து செல்லவேண்டியிருந்தது. அதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. கோபுரத்திலிருந்தவர் விமானங்களைக் காணவில்லை. விமானிகளும் ஒருவரையொருவர் காணவில்லை.

டச்சு விமானம் ஓடுபாதையின் கோடிக்குச் சென்று திரும்பி நின்றது. அமெரிக்க விமானமோ இன்னும் அப்பாதையிலேயே அதனை நோக்கி வந்துகொண்டிருந்தது. அந்நேரத்தில் கோபுரத்தினர், புறப்பட்ட பின் எவ்வழியே செல்லவேண்டும் என்பதை டச்சு விமானத்துக்கு அறிவித்தனர். அது வழி பற்றிய அறிவிப்பேயன்றிப் புறப்படுவதற்குத் தந்த இசைவு அன்று. ஆயினும், ‘புறப்பாடு’ என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல் அதில் இடம்பெற்றிருந்தது. துணை விமானி அவ்வறிவிப்பைத் திருப்பிச் சொல்லி, இறுதியில், தாங்கள் ‘இப்போது புறப்பாட்டில்’ இருப்பதாக ஒரு தொடரைச் சேர்த்தார். புறப்படும் இடத்தில் ஆயத்தமாக நிற்கிறோம் என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம். புறப்பட்டுவிட்டோம் என்றும் கொள்ளலாம். கோபுரத்தினர் முன்னதைக் கொண்டனர். விமானமோ ஓடத் தொடங்கியிருந்தது.

கோபுரத்தினர் ‘சரி’ என்றனர். சற்றே இடைவெளி விட்டு, ‘காத்திருங்கள், அழைக்கிறோம்’ என்றனர். அதே நொடியில் அமெரிக்க விமானி, ‘நாங்கள் இன்னும் ஓடுபாதையில் இருக்கிறோம்’ என்று கூறினார். இரண்டு குரல்களும் மோதி ஒரு கீச்சொலியாயின. டச்சு விமானிகளின் செவியில் தெளிவாக விழுந்தது ‘சரி’ என்னும் ஒரு சொல்லே! அச்சொல் மட்டும் வாராதிருந்தால் அவர்கள் ஐயுற்று நின்றிருக்கக்கூடும்.

இன்னும் ஒரு வாய்ப்பு எஞ்சியிருந்தது. பாதையை விட்டு விலகியதும் தெரிவிக்குமாறு கோபுரத்தினர் அமெரிக்க விமானத்துக்குக் கூறியதும், அவ்வாறே செய்வதாக அது விடையிறுத்ததும் டச்சு விமானத்திலும் ஒலித்தன. அதனைக் கேட்ட விமானப் பொறியாளர், ‘அவர் இன்னும் விலகவில்லையா?’ என்று வினவினார். ‘விலகிவிட்டார்’ என்று தலைமை விமானி அழுத்தமாகக் கூறினார். அவர் தம் நிறுவனத்தில் பெரும்புகழ் பெற்றவர். பிற விமானிகளைப் பயிற்றியவர். அவர் சொல்லுக்கு மேல் மற்றவர் பேசவில்லை. சில நொடிகளில் இரண்டு விமானங்களும் மோதின. இறந்தோர் 583 பேர்.

இசைவின்றிப் புறப்பட்டது தலைமை விமானியின் பிழை என்றனர் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள். இரு பொருள்படும் பேச்சே பெருங்காரணம் என்று டச்சு நாட்டார் வற்புறுத்தினர். இரு கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும், குற்றவாளி ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணுவது பிழை. டச்சு விமானி புறப்படும் இசைவை எதிர்பார்த்திருந்தார், எதிர்பார்த்ததையே கேட்டார். கோபுரத்தினர் அவர் நிற்பதாக எண்ணியிருந்தனர், எண்ணியதையே கேட்டனர். செவி கேளாதவிடத்தை மனம் தானே நிரப்பிக்கொள்கிறது. கடைத்தெருவில் நாள்தோறும் நிகழும் இச்சிறு பிழை, அங்கே ஒரு பேரழிவாயிற்று.

கூறத் தயங்குவதாலும் கேடு விளையும். 1990ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 25ஆம் நாள், கொலம்பியா நாட்டிலிருந்து நியூயார்க்குக்கு வந்த விமானம் ஒன்று, வானிலை சரியில்லாமையால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானில் காத்திருக்க வைக்கப்பட்டது. எரிபொருள் தீரும் நிலை வந்தது. அவசரநிலை என்று அறிவிக்குமாறு தலைமை விமானி தம் துணைவரிடம் ஸ்பானிய மொழியில் கூறினார். துணைவரோ ஆங்கிலத்தில், எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று மட்டும் தெரிவித்தார். ‘அவசரநிலை’ என்னும் சொல் கட்டுப்பாட்டாளர் செவிக்கு எட்டவே இல்லை. எல்லா விமானங்களுக்கும் எரிபொருள் குறைந்துகொண்டுதானே இருக்கும்! அந்த ஒரு சொல்லைக் கேட்டிருந்தால், மற்ற விமானங்களை விலக்கி வழிவிட்டிருப்பர். இயந்திரங்கள் ஓய்ந்து விமானம் விழுந்தது; அதிலிருந்த 158 பேரில் 73 பேர் மாண்டனர்.

இத்தகைய அனுபவங்களிலிருந்தே வானொலிப் பேச்சு சிறிது சிறிதாகத் திருத்தம் பெற்றது. ஆல்பா, பிராவோ, சார்லி எனத் தொடங்கும் எழுத்துப் பெயர்கள் 1956ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டன. ஒன்பதைக் குறிக்கும் ‘நைன்’ என்னும் சொல் ஐந்தைக் குறிக்கும் ‘பைவ்’ என்பதுடன் மயங்காதவாறு ‘நைனர்’ என்று நீட்டப்பட்டது. டெனரீபுக்குப் பின், புறப்பாட்டைக் குறிக்கும் அந்த ஆங்கிலச் சொல்லை, இசைவு தரும்போதோ தந்த இசைவை நீக்கும்போதோ அன்றி வழங்கலாகாது என்று விதித்தனர். அனைத்துலகப் பயணங்களில் ஈடுபடும் விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் மொழித் தேர்ச்சி பெறவேண்டும் என்னும் விதி 2008ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நடைமுறைக்கு வந்தது. இது நன்றே. ஆயினும், ஆங்கிலம் பிறமொழியாக உள்ளோர் மீதே குறையெல்லாம் சுமத்துவது முறையன்று. அதனைத் தாய்மொழியாகக் கொண்டோர் விரைந்து கொட்டும் பேச்சும், தம் ஊர்வழக்குகளை இடையிடையே கலப்பதும் அயலாரைத் திகைக்கச் செய்கின்றன. மெல்லப் பேசும் கடமை அவர்களுக்கே மிகுதியாக உண்டு.

விதிகளுள் தலையாயது, கட்டளையைத் திருப்பிச் சொல்லும் விதி. விமானி திருப்பிச் சொல்லவேண்டும். கட்டுப்பாட்டாளர் அதனைச் செவிமடுத்துப் பிழையிருந்தால் திருத்தவேண்டும். ஆனால், இதுவும் முழுக் காப்பு ஆகாது என்பதை 2024ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் ஜப்பான் நாட்டு ஹனேடா விமான நிலையம் காட்டிற்று. ஓடுபாதைக்கு முன்னுள்ள நிறுத்தக் கோடு வரை செல்லுமாறு கடலோரக் காவற்படை விமானம் ஒன்றுக்குக் கூறிய கோபுரத்தினர், புறப்பாட்டு வரிசையில் அதுவே முதலாவது என்றும் கூறினர். விமானத்தினர் அதனைப் பிழையின்றித் திருப்பிச் சொன்னார்கள்! ஆயினும், ஓடுபாதையில் நுழைய இசைவு கிடைத்ததாக எண்ணி அதனுள் நுழைந்து நின்றார்கள். இறங்கிவந்த பயணிகள் விமானம் அதன்மேல் மோதியது. பயணிகள் விமானத்திலிருந்த 379 பேரும் உயிர்பிழைத்தனர். காவற்படை விமானத்தில் அறுவரில் ஐவர் மாண்டனர். வாய் திருப்பிச் சொன்னதை மனம் திருப்பிப் பார்க்கவில்லை.

குரலை விட்டுவிட்டு எழுத்தாகவே செய்தி அனுப்பலாமே என்று சிலர் கூறுவர். பெருங்கடல்களின்மேல் பறக்கும் விமானங்கள் பலவற்றுக்கு இன்று அவ்வாறே செய்தி செல்கிறது. அங்கு அது பொருத்தமே. ஆனால், விமானங்கள் நெருங்கி இறங்கும் இடத்தில், எழுதவும் படிக்கவும் நேரம் ஏது? அன்றியும், பொது அலைவரிசையில் பேசும்போது ஒருவருக்குக் கூறுவதை மற்றவரும் கேட்கிறார். டெனரீபில் அந்தப் பொறியாளர் ஐயுற்றது, பிறருக்குரிய பேச்சைத் தாமும் கேட்டதனாலன்றோ?

ஆகவே, எழுத்தைக் காட்டிலும் அவருடைய வினாவுக்கே இத்துறையினர் மிகுதியாக மதிப்பளித்தனர். 1979ஆம் ஆண்டில் அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமாகிய நாசா கூட்டிய கருத்தரங்கை அடுத்து, விமானக் குழுவினர்க்கென ஒரு புதுப் பயிற்சி உருவாயிற்று. இளையவர் ஐயத்தை மறைக்காமல் கூறவும், விடை பொருந்தவில்லை எனில் மீண்டும் கேட்கவும் அதில் பழக்கப்படுகின்றனர். மூத்தவர்க்கும் அதில் பாடம் உண்டு: இளையவர் கேட்கும்போது சினவாமல், கையிலுள்ள செயலை நிறுத்திவிட்டுக் கோபுரத்தை ஒருமுறை அழைத்துக் கேட்பது.