பிள்ளையை ஏசி என்ன பயன்?

"எந்நேரமும் கைத்தொலைபேசிதான், பிள்ளை கெட்டுப்போனான்" என்று அங்கலாய்க்காத பெற்றோரைக் காண்பது இன்று அரிது. உப்புவெளியிலும் இதே பேச்சு. ரொறன்ரோவிலும் இதே பேச்சு. குற்றவாளிக் கூண்டில் எப்போதும் பிள்ளை மட்டுமே நிற்கிறான். இது என்ன நியாயம்?

அந்தக் கருவியை அவன் கையில் கொடுத்தவர் யார்? 2020 மார்ச்சில் கொரோனாவினால் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் ஸூமுக்கும் வாட்ஸ்அப்புக்கும் மாறின. கடன்பட்டேனும் தொலைபேசி வாங்கிக் கொடுத்தோம். பாடசாலை திறந்தபின் அதைத் திரும்பப் பெற்றவர் எத்தனை பேர்?

விளையாட்டின் அமைப்பைப் பாருங்கள். பப்ஜியில் ஓர் ஆட்டத்தில் 100 பேர் வரை களமிறங்குவர். தனித்து ஆடினால் எஞ்சுபவர் ஒருவரே. தோற்ற 99 பேருக்கும் அடுத்த ஆட்டம் உடனே காத்திருக்கிறது. உப்புவெளிக் கடற்கரையில் பந்தடிக்கும் பிள்ளைகளை இருள் வீட்டுக்கு அனுப்பிவிடும்; திரைக்குள் இருட்டுவதே இல்லை. முடிவே வராதபடி வல்லுநர்கள் வடிவமைத்த ஒன்றின்முன் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தனியே நிறுத்திவிட்டு, அவனுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று பழிப்பது கோழைத்தனம்!

சட்டம் போட்டால் தீருமா? தென்கொரியா 2011இல் 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை இணைய விளையாட்டு ஆடுவதைத் தடுத்தது. பெற்றோரின் அடையாள எண்ணைக் கொண்டு பிள்ளைகள் உள்ளே நுழைந்தனர். கைத்தொலைபேசி விளையாட்டுகளோ தடைக்குள் வரவேயில்லை. 2021இல் அச்சட்டத்தை நீக்க அந்நாடு முடிவெடுத்தது.

விளையாடுவோர் எல்லோரும் நோயாளிகளும் அல்லர். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியல் இதற்கு அளவுகோல் தருகிறது. கட்டுப்பாட்டை இழத்தல், மற்ற யாவற்றினும் விளையாட்டே பெரிதாதல், கேடு தெரிந்தும் தொடர்தல் ஆகியவை பொதுவாக 12 மாதங்களேனும் நீடித்தால்தான் அது நோய். அந்நிலையில் தேவை வைத்தியர், பிரம்பு அல்ல.

ஏனைய பிள்ளைகளுக்கு வேண்டியது மாலைப்பொழுது. பாடசாலை முடிந்ததும் ரியூசன், அது முடிந்ததும் வீட்டுப்பாடம் என்று மாலை முழுவதையும் நாமே பறித்துக்கொண்டோம். கிளித்தட்டு மறித்த வெளிகளுக்கு வேலி போட்டோம். சாப்பாட்டு வேளையில் நம் கையிலும் தொலைபேசி! இரவில் கருவிகள் யாவும், நம்முடையவை உட்பட, படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். வாரத்தில் சில மாலைகளேனும் ரியூசனின்றி இருக்கட்டும்.

தொலைபேசியைப் பறிக்க ஒரு நிமிடம் போதும். பறித்த இடத்தில் எதை வைக்கப்போகிறோம்? இதற்கு விடையில்லாதவருக்குப் பிள்ளையை ஏசும் உரிமையும் இல்லை.