ஆசிரியருக்குக் கற்பிப்பவர் யார்?



சென்ற ரமளானுக்குச் சற்று முன்னர் மதரஸாவில் தொழுகை நேரங்கள் பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். நண்பகலில் ஒரு பொருளுக்கு எவ்வளவு நிழல் இருந்ததோ அதை ஒதுக்கிவிட்டு, அதற்கு மேல் அப்பொருளின் உயரத்திற்குச் சமமாக நிழல் நீண்டதும் அஸர் நேரம் தொடங்குகிறது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். இரு மடங்காக நீளவேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. இதைக் கூறி முடித்ததும் பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன் எழுந்து, "உஸ்தாத், அந்த நண்பகல் நிழல் எல்லா நாளும் ஒரே அளவா? ஒரே அளவென்றால் அதை ஏன் ஒதுக்கச் சொன்னார்கள்?" என்று கேட்டான்.

நான் கலைப் பட்டதாரி. மாறும் என்று தெரியும். ஏன் மாறுகிறது என்று விளக்கத் தெரியவில்லை. மறுநாள் முற்றத்தில் ஒரு கம்பைச் செங்குத்தாக நட்டு, வெள்ளிதோறும் நண்பகலில் நிழலின் நுனியில் சுண்ணாம்புக் கோடு இட்டோம். மாசியில் வடக்கே விழுந்த நிழல் வாரந்தோறும் குறுகி, ஏப்ரல் இடையில் கம்பின் அடிக்குள் ஒடுங்கிப் போயிற்று. அதன்பின் தெற்கே விழத் தொடங்கியது! நம் நாட்டில் நண்பகல் நிழல் தெற்கிலும் விழும் என்பதை நாற்பது வயதைக் கடந்த பின்னரே நான் கண்ணால் கண்டேன்.

விளக்கம் கேட்டு அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் ஆசிரியரிடம் சென்றேன். நல்ல மனிதர், பட்டமும் பயிற்சியும் பெற்றவர். புத்தகத்தில் உள்ள படத்தைக் காட்டி, பூமியின் அச்சு சாய்ந்திருப்பதை விளக்கினார். பிறகு தாமாகவே, "ஹஜ்ரத், நான் கம்பு நட்டுப் பார்த்ததில்லை. எனக்குக் கற்பித்தவரும் பார்த்ததில்லை" என்றார். அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. தமக்கு எவ்வாறு கற்பிக்கப்பட்டதோ அவ்வாறே பிறருக்கும் கற்பிப்பது ஆசிரியர் இயல்பு. நானும் அப்படித்தான். ஆகவே இம்மாதம் ஆசிரியருக்குக் கற்பிப்பவர் யார் என்ற வினாவை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

தமிழகத்திலிருந்து தில்லிக்கு ரயிலில் சென்றவர்கள் இட்டார்சி சந்திப்பை அறிவார்கள். அது அமைந்துள்ள மாவட்டத்திற்கு, மாளவத்தை ஆண்ட சுல்தான் ஹோஷங் ஷாவின் பெயரால் ஹோஷங்காபாத் என்று நெடுங்காலம் பெயர் வழங்கி வந்தது. இன்று நர்மதாபுரம் எனப் பெயர் மாற்றியுள்ளனர். நர்மதைக் கரையில் உள்ள இம்மாவட்டத்தின் அரசு நடுநிலைப் பள்ளிகளில் 1972 ஆம் ஆண்டு ஒரு முயற்சி தொடங்கிற்று. கிஷோர் பாரதி, ரசூலியாவிலுள்ள நண்பர்கள் கிராம மையம் என்னும் இரு தொண்டு நிறுவனங்கள், பதினாறு பள்ளிகளில் அறிவியலைச் செய்முறை வழியே கற்பித்துப் பார்க்க மாநிலக் கல்வித்துறையிடம் அனுமதி பெற்றன. பேராசிரியர் யஷ்பால் முதலிய டாட்டா ஆராய்ச்சி நிலைய அறிவியலாளர்கள் தொடக்கத்தில் துணை நின்றனர். அடுத்து தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் வந்து சேர்ந்தனர். அவர்கள் கிராமத்தில் தங்கிப் பணியாற்றுவதற்கெனப் பல்கலைக்கழக மானியக் குழுவே உதவித்தொகை வழங்கியது. முனைவர் பட்டத்திற்கு வழிகாட்டும் பேராசிரியர் ஆறாம் வகுப்பு ஆசிரியருடன் அமர்ந்து பணியாற்றுவதும் பல்கலைக்கழகப் பணியே என்று ஓர் அரசு அமைப்பு ஏற்றுக்கொண்டதை நான் மிகவும் மதிக்கிறேன்.

பயிற்சி எவ்விதம் நடந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கோடை விடுமுறையில் ஏறத்தாழ மூன்று வாரங்கள். முதற்கோடையில் ஆறாம் வகுப்புப் பாடம், அடுத்த ஆண்டு ஏழு, அதற்கடுத்த ஆண்டு எட்டு. சொற்பொழிவு கேட்டுக் குறிப்பெடுக்கும் பயிற்சி அன்று அது. ஆசிரியர்கள் மாணவர்களைப் போலவே நால்வர் நால்வராகக் குழு பிரிந்து, குழந்தைகள் செய்யவேண்டிய அதே சோதனைகளைத் தாமே செய்தனர். அளந்தனர், குறித்தனர், வாதிட்டனர். அவர்களுள் பலர் அறிவியலை உயர்வகுப்பில் படித்தவர்களே அல்லர். பேராசிரியர்கள் விடையை எடுத்துக் கொடுக்காமல் அருகிலிருந்து மேலும் வினா எழுப்பினர். "எனக்குத் தெரியாது, செய்து பார்ப்போம்" என்று பேராசிரியரே கூறுவதைக் கேட்ட பள்ளி ஆசிரியர், பின்னர் தம் வகுப்பில் அதே சொல்லைக் கூறக் கூசமாட்டார் அல்லவா? நபி மூஸா (அலை) அவர்கள் கிள்ரு (அலை) அவர்களைத் தேடிச் சென்ற வரலாற்றை மிம்பரில் உருக்கமாக விவரிக்கும் நாம், மாணவன் முன் "தெரியாது" என்று சொல்ல எவ்வளவு தயங்குகிறோம்!

கோடை முடிந்ததும் கைகழுவி விடவில்லை. மாதம் ஒருமுறை அவ்வட்டாரத்து ஆசிரியர்கள் ஒரு பள்ளியில் கூடினர். எந்தச் சோதனை வகுப்பில் சரிவரவில்லை, எந்த வினாவுக்குக் குழந்தைகள் திகைத்தனர் என்று அங்கே பேசினர். அடுத்த மாதப் பாடத்திற்கும் ஆயத்தமாயினர். துணையாளர்கள் பள்ளிகளுக்கே சென்று வகுப்பில் அமர்ந்து பார்த்தனர். ஆசிரியர்கள் கூறிய குறைகளைக் கொண்டு 'பால் வைஞானிக்' என்னும் பாடநூல் திருத்தப்பட்டது. பல்கலைக்கழகத்தார் எழுதியதைப் பள்ளி ஆசிரியர் திருத்தினார் என்றால் நம்மூரில் எத்தனை பேர் நம்புவார்கள்? நாளடைவில் அந்த அரசுப் பள்ளி ஆசிரியர்களுள் பலர் மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்போராகவும் உயர்ந்தனர்.

கருவிகளுக்குப் பெருஞ்செலவு இல்லை. பூவைப் பிரித்துப் பார்க்க ஊசிக்குப் பதில் கருவேல முள் உதவியது. தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு ரப்பர்க் குழாயால் இணைத்து முக்கோணமும் கூம்பும் செய்யும் முறையை, தொழிற்சாலைப் பணியிலிருந்து விடுப்பெடுத்து 1978 இல் அங்கு வந்து தங்கிய பொறியாளர் அரவிந்த் குப்தா உருவாக்கினார். தேர்வும் மாறியது. மாணவர்கள் புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதினர். செய்முறைத் தேர்வும் உண்டு. மனப்பாடத்துக்கு அங்கு மதிப்பெண் இல்லை. (ஹிஃப்ழு வகுப்பு நடத்துபவன் இதைச் சொல்வது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். இறைவேதத்தை நெஞ்சில் ஏந்துவது வேறு. தவளையின் இதயத்தில் எத்தனை அறைகள் என்பதைத் தவளையையே பாராமல் ஒப்பிப்பது வேறு.) சவாலிராம் என்றொரு கற்பனை மனிதருக்குக் குழந்தைகள் அஞ்சலில் வினாக்களை எழுதி அனுப்பினர், ஒவ்வொன்றுக்கும் விடை எழுத முயன்றனர்.

1978 இல் இம்முயற்சி அம்மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்தது. 1982 இல் ஏகலவ்யா என்ற நிறுவனம் பொறுப்பேற்றது. பின்னர் வேறு சில மாவட்டங்களுக்கும் பரவிற்று. ஆனால் 2002 ஆம் ஆண்டு மாநில அரசு ஓர் ஆணையால் இதனை நிறுத்திவிட்டது. மற்ற மாவட்டங்களில் உள்ள பாடநூலே அங்கும் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. முப்பது ஆண்டு உழைப்பு! பெற்றோர் சிலருக்கும் அரசியலாளர் சிலருக்கும் பொதுத்தேர்வு பற்றிய அச்சம் இருந்தது. அதனை முற்றிலும் பொருளற்றதென்று நான் கூறமாட்டேன். தம் பிள்ளை மட்டும் வேறு நூலைப் படிப்பதை எந்தத் தந்தையும் கவலையோடுதான் நோக்குவார். எனினும், பயிற்சி பெற்ற அந்த ஆசிரியர்களிடம் முள்ளையும் தீக்குச்சியையும் கீழே வைத்துவிட்டுப் பழைய புத்தகத்தை எடுங்கள் என்று சொன்னபோது அவர்கள் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என எண்ணிப் பார்க்கிறேன்.

அன்பர்களே, நம் சமுதாயத்தின் நிலையைப் பாருங்கள். திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் சென்னைப் புதுக்கல்லூரியும் 1951 இல் தோன்றின. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919 லேயே தோன்றியது. நம் பெரியோர்கள் நிறுவிய கல்லூரிகள் பல மாவட்டங்களில் உள்ளன. பள்ளிகளும் பல உள்ளன. இயற்பியல் பேராசிரியர் ஜும்ஆவில் பள்ளி ஆசிரியருக்குப் பக்கத்து ஸஃப்பில் நிற்கிறார். ஸலாம் கூறிப் பிரிகிறார். மீலாது மேடைகளில் இப்னுல் ஹைதம் அவர்களின் ஒளியியல் ஆய்வுகளைப் புகழ்ந்து பேசுகிறோம். அவரோ கண்ணுக்குப் பொருள் எவ்வாறு தெரிகிறது என்பதைச் சோதனை செய்தே நிலைநாட்டியவர். அப்பேச்சைக் கேட்டுச் செல்லும் பிள்ளையின் பள்ளியில் ஆடிவில்லை இருக்கும் அலமாரிக்குப் பூட்டு!

அந்த அறிவியல் ஆசிரியரும் நானும் எங்கள் பகுதிக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரைச் சந்தித்து, மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் தருமாறு கேட்டோம். "நான் வந்து என்ன பேச வேண்டும்?" என்று அவர் வினவினார். பேச வேண்டியதில்லை, எங்களோடு அமர்ந்து செய்து பார்த்தால் போதும் என்றோம். சற்றுத் திகைத்தார், பின்னர் இசைந்தார். நான்கு பள்ளிகளிலிருந்து ஏழு ஆசிரியர்கள் வர ஒப்புக்கொண்டுள்ளனர். ஆகஸ்டில் நிழல் மீண்டும் மறையும் நாளையொட்டி முதற்கூட்டம், இன்ஷா அல்லாஹ். உங்கள் ஊரில் இவ்விதம் எவரேனும் கூடி வருவதாயின் எனக்கு எழுதுங்கள். எந்தச் சோதனை கைகூடவில்லை என்பதையும் மறவாது குறிப்பிடுங்கள்.