யாரைக் கேட்டு வெளுக்கிறீர்கள்?

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருக்கும் படத்தில் இருப்பவர் என் அப்பா இல்லை. மூக்கு அவருடையது, மீசை அவருடையது. நிறம் மட்டும் யாருடையதோ. என் பட்டமளிப்பு விழா அன்று ஸ்டூடியோவில் குடும்பமாக எடுத்த படத்திலிருந்து வெட்டி எடுத்தது அது. முப்பது வருஷம் லாரி ஓட்டி, சன்னல் பக்கத்து வலது கை இடது கையைவிடக் கறுத்துப்போன மனிதர் அப்பா. படத்தில் சப்பாத்தி மாவு நிறத்தில் சிரிக்கிறார். அண்ணன் மகனுக்கு நாலு வயசு. "இது தாத்தா இல்ல அத்தை, தாத்தா மாதிரி ஒரு ஆளு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கடைக்கே போய், திருத்தாத மூலக் கோப்பைக் கேட்டேன். "அதெல்லாம் வைக்கிறதில்லம்மா, எடிட் முடிஞ்சா அழிச்சிருவோம்" என்றார் கடைக்காரர். பிறகு, நல்ல மனசோடுதான், "அப்பா நல்லா பிரைட்டா வந்திருக்காரே, என்ன குறை?" என்றும் கேட்டார்.

அவருக்கு அன்று பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதலில் அவர்கள் சொல்லும் தொழில்நுட்பச் சாக்கு: "கறுப்புத் தோலு கேமராவுல சரியா விழாது." நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெஸ்ட் இன்ஜினியர். சில்லுகளைக் கேமரா வைத்துப் பரிசோதிக்கும் இயந்திரங்களோடுதான் என் பகலும் பாதி இரவும். சில்லின் உறை கரிக்கறுப்பு. அதன்மேல் லேசரால் பொறித்த எழுத்தும் ஏறக்குறைய கறுப்பு. அதைப் படிக்க முடியவில்லை என்றால் நாங்கள் என்ன செய்வோம்? விளக்கின் கோணத்தை மாற்றுவோம். பக்கவாட்டிலிருந்து தாழ்வாக ஒளி விழும்போது எழுத்து தானாக எழும்பி வரும். எந்த இன்ஜினியரும் சில்லுக்குப் பவுடர் பூசுவதில்லை. சில்லுக்குக் கொடுக்கும் மரியாதையை என் அப்பாவுக்குக் கொடுத்தால் என்ன?

கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். பின்னால் வெள்ளைத் திரை, மேலே வெள்ளை வேட்டி சட்டை என்றால் அது வெளிச்சத்தைக் குறைத்துவிடும், கறுத்த முகம் இன்னும் இருண்டுவிடும். புகைப்படக்காரர் ஒளியின் அளவைக் கையால் ஏற்றினால் போதும், இரண்டு விநாடி வேலை. அதைச் செய்யாமல், பிறகு கணினியில் முகத்தை இழுத்து வெளுத்து, அப்போது கிளம்பும் புள்ளிகளை மறைக்க மெழுகுபோல வழித்து, கடைசியில் தோலைக் குற்றவாளியாக்குகிறார்கள்.

இந்தச் சாக்கு இங்கே பிறந்ததுமில்லை. கோடாக் ஃபிலிம் காலத்தில் ஆய்வகங்கள் நிறத்தைச் சரிபார்க்க 'ஷெர்லி அட்டை' என்று ஒன்றை வைத்திருந்தன. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி. பழுப்பு நிறங்களை ஃபிலிம் சரியாகக் காட்டவில்லை என்று கோடாக்கிடம் முறையிட்டவர்களில் சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் இருந்ததாகக் கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் எழுதியிருக்கிறார். சாக்லேட்டின் பழுப்புக்கு ஆள் இருந்தது. மனிதர்களின் பழுப்பு காத்திருந்தது. 2021இல் கூகுள் தன் பிக்சல் 6 போனில் கறுத்த தோலைச் சரியாகக் காட்டுவதை ஒரு தனி வசதியாகவே விளம்பரப்படுத்தியது. போனே மாறிவிட்டது, நம் ஸ்டூடியோ மாறவில்லை.

இரண்டாவது சாக்கு: "கஸ்டமருங்க கேட்கிறாங்க." உண்மைதான், கேட்கிறார்கள். என் அம்மாவே கேட்டிருப்பார். அந்தப் பட்டமளிப்புப் படம்தான் பிறகு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது. நேரில் வந்த ஒரு அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "படத்துல கொஞ்சம் வெளுப்பா இருந்தாங்க" என்றார். பொய் சொன்னது ஸ்டூடியோ, மாட்டிக்கொண்டது நான். கேட்கிறார்கள் என்பதற்காகச் செய்பவர்கள், அந்த ஆசையை யார் வளர்த்தது என்று யோசிக்க வேண்டாமா? 2020இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' கிரீம் 'குளோ அண்ட் லவ்லி' ஆனது. கிரீம் கம்பெனிக்கு வந்த வெட்கம்கூட நம் எடிட்டர்களுக்கு வரவில்லை. என் வீட்டில் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

தமிழில் 'படம் பிடிப்பது' என்கிறோம். மீன் பிடிப்பதுபோல. நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த மண்ணில் நம் ஆட்களைப் பிடித்து, 'கிளிங்' என்று தலைப்புப் போட்டுத் தபாலட்டையாக விற்றார்கள். படத்தில் நிற்பவரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. அவர்கள் பெயரை எடுத்தார்கள், நாம் நிறத்தை எடுக்கிறோம்.

வேறு மாதிரியும் செய்யலாம். தயானிதா சிங் 2001இல் வெளியிட்ட 'மைசெல்ஃப் மோனா அகமது' டில்லி இடுகாட்டில் வாழ்ந்த ஒரு திருநங்கையைப் பற்றியது. அதில் மோனாவே தன் கதையைச் சொல்கிறார், படத்துக்குள் அடைபட்ட 'பொருளாக' இல்லை. பிரிட்டனின் ஜோ ஸ்பென்ஸ் மார்பகப் புற்றுநோய் வந்தபின் தன் உடம்பைத் தானே படமெடுத்தார். ரோசி மார்ட்டினோடு சேர்ந்து ஒருவரை ஒருவர் படமெடுத்தார். யார் எதைக் காட்டுவது என்பதை உட்காருபவரே தீர்மானித்தார்.

இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் போன வருஷம் ஒரு தோழியிடம் போனேன். பகுதி நேரமாகப் படமெடுப்பவள். கேமராவை லேப்டாப்போடு இணைத்து எனக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள். "பிடிக்கலன்னா சொல்லுடி, உன் முன்னாலயே அழிச்சிடறேன்." இடம் நான் சொன்னது, தொழிற்சாலை பஸ் நிற்கும் இடம். உடுப்பும் என்னுடையது, இரவு ஷிப்டு முடிந்து கசங்கிய நீல அங்கி. நாற்பது படத்துக்கு மேல் அழிக்கச் சொன்னேன். பல் தெரியுது, கழுத்து கறுப்பா இருக்கு, இது யாரு. அவள் ஒன்றும் சொல்லாமல் விளக்கை நகர்த்தினாள். கழுத்தை நான் இரண்டு முறை அழித்தேன், மூன்றாம் முறை விட்டுவிட்டேன்.

அன்றைக்கே என்னை எனக்குப் பிடித்துவிட்டது என்று சொன்னால் பொய். இப்போதெல்லாம் 'உன்னை நீயே நேசி' என்று மேக்கப்போடு சேர்த்துப் பேக்கேஜ் விற்கிறார்கள். அரை நாளில் தன்னம்பிக்கை, பத்து படம் இலவசம். அப்படி எதுவும் நடக்காது. எனக்குக் கிடைத்தது வேண்டாம் என்று சொல்லும் உரிமை, அது கையில் இருந்ததால் வந்த ஒரு சின்ன நிதானம். ஏற்றுக்கொள்வது அங்கிருந்துதான் தொடங்கும் என்று நினைக்கிறேன். அழிக்க முடியும் என்று தெரிந்தும் அழிக்காமல் விட்ட படம்தான் என் படம்.

ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன்மாருக்கு மூன்று கோரிக்கைகள். கேட்காமல் நிறத்தைத் தொடாதீர்கள். எடுத்த படத்தை அப்போதே காட்டுங்கள். மூலக் கோப்பை அழிக்காதீர்கள், அழிக்கத்தான் வேண்டும் என்றால் எங்களிடம் கொடுத்துவிட்டு அழியுங்கள். மூன்றுக்கும் பெரிய செலவில்லை.

என் படத்தை நான் மறுபடி எடுத்துக்கொள்ளலாம், எனக்கு வயசிருக்கிறது. அப்பாவுக்கு அது முடியாது. வருஷத் திதிக்கு அம்மா அந்த வெளுத்த முகத்துக்குத்தான் சந்தனம் வைக்கிறார். அவருடைய நிறம் உங்கள் குப்பைத்தொட்டிக் கோப்பில் கடைசியாக இருந்தது. அதைத் திருப்பித் தர உங்களாலும் முடியாது என்று எனக்குத் தெரியும். அடுத்த வீட்டு அப்பாவையாவது விட்டுவையுங்கள்.