கை வைக்கட்டும்... மாத்திரையை நிறுத்தாதீர்கள்!

தலைவலி என்று சுருண்டு படுத்திருக்கிறீர்கள். அம்மா வந்து நெற்றியில் கை வைக்கிறார். 'அப்பாடா!' என்று இருக்கிறதா, இல்லையா? மாத்திரை எதுவும் போடவில்லை. ஆனாலும் பாதி வலி போன மாதிரி ஒரு நிம்மதி!

ரெய்கி பற்றிப் பேசும் முன்பு இதைச் சொல்லிவிடுகிறேன். தொடுவதில் சுகம் இல்லை என்று வாதாட நான் வரவில்லை.

ஜப்பானில் 1922-ல் மிகாவோ உசுய் என்பவர் ஆரம்பித்து வைத்த முறை இது. 'கி' என்றால் உயிர்ச்சக்தி. நம் ஊர் 'பிராணன்' மாதிரி. ஹவாய் தீவில் பிறந்த ஹவாயோ தகாடா என்ற பெண்மணி, 1935-ல் டோக்கியோ போனவர், இதைக் கற்றுத் திரும்பினார். அவர் மூலமாகத்தான் அமெரிக்காவில் பரவியது. 1990-களில் நம் நகரங்களிலும் ரெய்கி வகுப்புகள் வந்தன. முதல் நிலை, இரண்டாம் நிலை, மாஸ்டர் என்று படிப்படியாகப் பயிற்சி!

செய்முறை எளிது. உடுத்திய துணியோடு படுக்க வைத்து தலை, நெஞ்சு, வயிறு என்று ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் கை வைப்பார்கள். அல்லது சற்று மேலே கையை நிறுத்துவார்கள். அழுத்துவது, பிடித்துவிடுவது எல்லாம் கிடையாது.

அந்தச் சக்தி நிஜமாகவே இருக்கிறதா? ரெய்கிக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி 'தெரபியூட்டிக் டச்' என்று ஒரு முறை உண்டு. அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற ஒன்பது வயதுச் சிறுமி அதைச் சோதித்தாள். தடுப்பு அட்டை வழியாக சிகிச்சையாளர் இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும். அவள் தன் கையை அதில் ஒன்றின் மேலே, தொடாமல் பிடிப்பாள். எந்தக் கை என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்! 21 பேர், மொத்தம் 280 முறை. சரியாகச் சொன்னது 123 தடவை. குருட்டாம்போக்கில் சொன்னாலே பாதி சரியாக வந்திருக்குமே! 1998-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழிலேயே இது வெளியானது. 'அது ரெய்கி இல்லையே' என்பீர்கள். சரிதான். ஆனால் ரெய்கி சக்தியையும் இதுவரை எந்தக் கருவியும் அளந்து காட்டவில்லை.

இத்தோடு விட்டுவிடலாம். விட முடியாததற்குக் காரணம் என் அத்தை.

அத்தைக்கு மார்பில் ஒரு கட்டி. வலியில்லை. டாக்டரிடம் காட்டக் கூச்சம், பயம். யாரிடமும் சொல்லாமல் ரெய்கிக்குப் போனார். ஏழு மாதம்! ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது அக்குள் வரை பரவியிருந்தது. ஆபரேஷன், கீமோ எல்லாம் பார்த்தும் இரண்டு வருஷத்தில் போய்விட்டார்.

"ஏன் அத்தை எங்ககிட்ட சொல்லலை?" என்று கேட்டேன். "உங்களுக்கெல்லாம் நேரம் ஏதுடி? அங்க ஒரு மணி நேரம் என் மேல கை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அத்தை தேடிப் போனது மருந்தை அல்ல, அந்த ஒரு மணி நேரத்தை! அதை நாங்கள் யாரும் கொடுக்கவில்லை.

அதனால் ரெய்கிக்குப் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். மனசு லேசானால், நன்றாகத் தூக்கம் வந்தால் சந்தோஷம். ஆனால் இன்சுலினையோ, பிரஷர் மாத்திரையையோ நிறுத்தச் சொன்னால், அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள். உடம்பில் கட்டி, காரணமில்லாத ரத்தப்போக்கு, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் முதலில் டாக்டர். மற்றதெல்லாம் அப்புறம்தான். மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. ஆனால் வலியில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். எந்தக் கட்டி எப்படிப்பட்டது என்று பரிசோதனைதான் சொல்லும், கை சொல்லாது.

இன்னொன்று. இன்று ராத்திரி டி.வி.யை அணைத்துவிட்டு, வீட்டுப் பெரியவர் பக்கத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். கையைப் பிடித்துக்கொண்டு, "உடம்புக்கு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். இதற்கு எந்தப் பயிற்சியும் வேண்டாம். அவர்கள் சொல்லாமல் வைத்திருப்பது அப்போதுதான் வெளியே வரும்.