தோட்டப்புறத்துக்கு மின் மோட்டார்சைக்கிள்

கோலசிலாங்கூர் வட்டாரத்துப் புக்கிட் ரோத்தானிலும் ஈஜோக்கிலும், பத்தாங் பெர்ஜுந்தை என்று நம் முதியோர் இன்னும் வழங்கும் பெஸ்தாரி ஜெயாவிலும், ரப்பர் மறைந்து செம்பனை தழைத்த பின்பும் பேருந்துக்குக் காத்திருக்கும் கஷ்டம் தீரவில்லையாதலால், மோட்டார்சைக்கிள் என்பது அங்கே ஆடம்பரமன்று, ஜீவனத்துக்கே ஆதாரம். அது இனி மின்சாரத்தால் ஓடட்டும் என்பதே என் பட்சம். நின்றவாறு ஓட்டும் சிறு ஸ்கூட்டரை நான் குறிக்கவில்லை. 2021ஆம் ஆண்டு விதிகள் அதனைச் சாலையினின்று விலக்கியது நியாயமே. பதிவு எண் பெற்ற மின் மோட்டார்சைக்கிளுக்கோ, ஆண்டு வருமானம் 1,20,000 ரிங்கிட்டுக்கு மேற்படாதவர்க்கு 2,400 ரிங்கிட் தள்ளுபடி தரும் திட்டத்தை 2023 இறுதியில் அரசாங்கமே ஆரம்பித்தது. பள்ளிக்கும் சந்தைக்கும் போய்வரும் சொற்ப தூரத்துக்கு, இரவில் வீட்டிலேயே ஏற்றிய மின்சாரம் தாராளமாய்ப் போதும். ஆனால், தள்ளுபடியினும் முக்கியமாக, பழுது பார்க்கும் வித்தையை நம் தோட்டத்து இளைஞருக்குக் கோலசிலாங்கூரிலேயே கற்பிக்க வேண்டும். அதற்கான செலவை அரசாங்கமே ஏற்க வேண்டும்.