பழைய விளையாட்டிசையும் புதிய தாலாட்டும்

இசை என்பது செவிக்கு இன்பம் பயப்பது என்று கூறி அமைதல் எளிது. ஆயின், இன்பம் பயப்பன எல்லாம் ஒரே வகையின அல்ல. பசித்தவன் உண்ணும் சோறும், உண்டு களைத்தவன் சாயும் திண்ணையும் இன்பமே எனினும், ஒன்றன் தொழிலை மற்றொன்று செய்யாது. இவ்வேறுபாட்டை மறந்தமையால் இக்காலத்து இசைத்துறையில் நேர்ந்துள்ள பிழையொன்றை எடுத்துக்காட்டுதலே எமது நோக்கம். பொருள் சிறிதென்று கருதி அன்பர்கள் இப்பக்கத்தைப் புரட்டிவிடாதிருக்க வேண்டுகின்றோம். சிறிய பொருளில் பொறுக்கும் பிழையே பெரிய பழக்கத்திற்கு வித்தாகும்.

தேர்வுக் காலத்து இரவுகளில் நம் விடுதி அறைகளில் ஒலிக்கும் இசையை உற்றுக் கேட்பார் ஓர் உண்மை காண்பர். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் வீடியோ விளையாட்டுகளுக்கென இயற்றப்பெற்ற மெட்டுகளை எடுத்து, அவற்றின் காலப்பிரமாணத்தைத் தாழ்த்தி, சிந்தசைசரின் நெடிய மெல்லொலிகளால் போர்த்து, எதிரொலியில் நனைத்து, இளைப்பாறுதற்குரிய ‘சில்லவுட்’ இசையாக்கித் தருகின்றனர். இவ்வாறு மாற்றியமைத்தலை ரீமிக்ஸ் என்பர். படிப்பார் படிக்கவும் உறங்குவார் உறங்கவும் இஃது இடையறாது ஓடிக்கொண்டேயிருக்கும். சென்ற தேர்வின்போது அடுத்த அறையினின்றும் வந்த ரீமிக்ஸ் ஒன்றை யாமும் கேட்டோம். முதலில் மகிழ்ந்தோம், பின்னர் வருந்தினோம். வருந்தியதன் காரணத்தை இனிக் கூறுவோம்.

யாம் கேட்டது 1985இல் ஜப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ வெளியிட்ட சூப்பர் மாரியோ பிரதர்ஸ் என்னும் விளையாட்டில், நிலத்தடிச் சுரங்கத்துக்கென்று கோஜி கொண்டோ இயற்றிய மெட்டு. அதன் அமைப்பு மிக எளியது. கீழ் ஸ்தாயியில் ஒரு சுரம். உடனே மேல் ஸ்தாயியில் அதே சுரம். இவ்வாறு மூன்று இணைகள் விரைந்து ஒலிக்கும். பின்னர் மௌனம். மீண்டும் அவ்விணைகள், மீண்டும் மௌனம். இறுதியில் அரைச்சுரங்களாய் இறங்கி வரும் விரைவான ஒழுக்கு ஒன்று, அவ்வளவே. இம்மெட்டின் உயிர் எங்குள்ளது? சுரங்களில் பாதி, மௌனத்தில் பாதி. இருண்ட சுரங்கத்துள் அடியெடுத்து வைப்பவன் நின்று, செவிகொடுத்து, பின் மறு அடி வைப்பது போன்றது அது. அம்மௌனத்தினிடையே ஆடுவோனுடைய தாவலின் ஓசை கேட்கும். அவன் அச்சமும் அவனுக்கே கேட்கும்.

யாம் கேட்ட ரீமிக்ஸோ அம்மௌனம் முழுவதையும் அடைத்துவிட்டது. இணைச்சுரங்களுக்கு இடையே பஞ்சு அடைத்தாற்போன்று நெடுஞ்சுரங்கள் பரவி நின்றன. காலம் பாதியாகத் தாழ்ந்தது. அடியில் மெத்தென்ற தாளம் ஒன்று சேர்ந்தது. அரைச்சுர ஒழுக்கின் கூர்மை எதிரொலியில் கரைந்தது. ஒலி இனியதே, அதனை மறுக்கிலோம். சிந்தசைசரைக் கையாண்டவர் தம் கருவியில் பயின்றவர் என்பதும் விளங்கிற்று. ஆயினும், சுரங்கம் போய்விட்டது, அச்சம் போய்விட்டது, அடுத்து என்ன நேருமோ என்னும் எதிர்பார்ப்பும் போய்விட்டது. எஞ்சியது பெயர் மாத்திரமே. புலியின் தோலைப் பதப்படுத்தி இருக்கையின்மேல் விரித்தல் கூடும். அதனைப் புலி என்று கூறுதல் கூடுமோ?

நிற்க. அக்காலத்து இசையறிஞர்க்கு வாய்த்திருந்த கருவி எத்தகையது என்பதையும் இங்கு நினைவுகூர்தல் வேண்டும். 1983இல் ஜப்பானில் வெளிவந்த ஃபமிகாம் என்னும் பொறியில் ஒலிக்கென்று ஐந்து குரல்களே இருந்தன. அவற்றுள் இரண்டு சதுர அலையின் வகையைச் சார்ந்தன. ஒன்று முக்கோண அலை. ஒன்று தாளத்திற்குதவும் இரைச்சல். மற்றொன்று பதிந்த ஒலித்துணுக்கை ஒலிப்பது. முக்கோண அலையின் குரலுக்கு ஒலியளவைக் கூட்டவும் குறைக்கவும் வழியில்லை. தாவல், நாணயம் முதலியவற்றின் ஓசைகளும் இக்குரல்களையே பங்கிட்டுக்கொண்டன. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டோ படம், இசை, நடப்பு யாவும் சேர்ந்து 40 கிலோபைட்டு அளவினது. இந்நெருக்கடியில், தளை தட்டாது நாலடிக்குள் கருத்தை முடிக்கும் வெண்பாப் புலவர் போல, வேண்டாத சுரம் ஒன்றும் இன்றி இயற்றினார் அவ்விசைஞர். இட நெருக்கடியால் விளைந்த சுருக்கமே அவ்விசைக்கு அழகாயிற்று. இன்று எண்ணிறந்த குரல்களை ஒருங்கே ஒலிக்கவல்ல கணினியை உடையார், இடம் உண்டு என்னும் ஒரே காரணத்தால் அவ்விடத்தை நிரப்புவராயின், வெண்பாவின் சீர்களுக்கிடையே அசைச்சொற்களைச் செருகினாரை ஒப்பர்.

அன்றியும், விளையாட்டிசை ஆடுவோனோடு உடன்செல்வது. 1978இல் டொமொஹிரோ நிஷிகாடோ இயற்றிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்னும் விளையாட்டில் இறங்குமுகமான நான்கு சுரங்களே திரும்பத் திரும்ப ஒலித்தன. பகைவர் தொகை குறையக் குறைய அச்சுரங்கள் விரைந்தன. கேட்டவர் நெஞ்சும் உடன் விரைந்தது. சூப்பர் மாரியோவிலும், எஞ்சிய காலம் 100க்குக் கீழ் இறங்கியவுடன் எச்சரிக்கை ஒலித்து, இசை விரைந்து ஓடத்தொடங்கும். ஆதலின் இங்கே காலப்பிரமாணம் என்பது அணி அன்று, பொருளே அதுதான். அதனைத் தாழ்த்தி உறக்கத்திற்கு உரியதாக்குதல், ‘எழுந்திரு’ என்னும் சொல்லைத் தாலாட்டின் இராகத்தில் பாடுதலை ஒக்கும்.

இவ்விடத்து நண்பர் சிலர் எம்மை மறுத்துரைப்பர். பழைய மெட்டைப் புதிய முறையில் பாடுதல் எக்காலத்தும் உள்ளதன்றோ என்பர். உண்மையே. 1989இல் கேம்பாய் என்னும் கையடக்கப் பொறியோடு உலகெங்கும் பரவிய டெட்ரிஸ் விளையாட்டின் புகழ்பெற்ற மெட்டு, 19ஆம் நூற்றாண்டைச் சார்ந்த கொரொபெய்னிகி என்னும் ருஷ்ய நாட்டுப்பாடலே. அதனை அப்பொறிக்கு இசைய அமைத்தவர் ஹிரொகாஸு தனகா. அதனை யார் குறை கூறுவர்? நாட்டுப்பாடலின் ஓட்டத்தை அவர், மேலிருந்து வீழும் கட்டைகளின் ஓட்டத்தோடு பொருத்தினார். பழம்பாடல் புதுத்தொழில் பெற்றது. எனவே, மாற்றியமைத்தலை யாம் வெறுக்கவில்லை. மாற்றத்தினால் மெட்டுக்கு ஏதேனும் ஒரு புதிய தொழில் கிடைத்ததோ, அன்றி இருந்த தொழிலும் பறிபோயிற்றோ என்பதே எம் வினா.

மெல்லிசையாதலே குற்றம் என்பதும் எம் கொள்கை அன்று. 1994இல் வெளிவந்த டாங்கி காங் கன்ட்ரி என்னும் விளையாட்டில், கடலடிக் காட்சிக்கென டேவிட் வைஸ் என்னும் ஆங்கிலேயர் இயற்றிய ‘அக்வாட்டிக் ஆம்பியன்ஸ்’ என்னும் இசையைக் கேட்பார் இதனை உணர்வர். அதுவும் மெதுவானது, மெல்லியது, நீருள் மிதப்பது போன்றது. அதற்கு அவர்க்கு வாய்த்த இடமோ, சூப்பர் ஃபமிகாம் பொறியின் 8 குரல்களும் 64 கிலோபைட்டு ஒலிநினைவகமுமே. கார்க் வேவ்ஸ்டேஷன் என்னும் சிந்தசைசரில் ஓரொலி மற்றோரொலியாக மாறிச்செல்லும் இயல்பை விரும்பி, அவ்வியல்பைச் சிறுசிறு ஒலித்துணுக்குகளை அடுத்தடுத்துக் கோத்துத் தம் கையாலேயே அவர் உண்டாக்கினார். அம்மென்மையின் அடியில் உழைப்பும், கடலின் தனிமையும் உள்ளன. அதனைக் கேட்டு நாம் உறங்குவதில்லை, வாய்மூடி இருக்கின்றோம். மென்மைக்கும் மந்தத்திற்கும் உள்ள வேற்றுமை இதுவே. அத்தகைய மெட்டைச் சில்லவுட் முறையில் அமைப்பார் அதன் இயல்போடு இயைந்து செல்லக்கூடும். சுரங்கத்து மெட்டுக்கு அது பொருந்தாது.

இனி, மற்றொன்றும் சொல்லற்பாலது. யாம் கேட்ட ரீமிக்ஸின் தலைப்பிலேனும் குறிப்பிலேனும் கொண்டோவின் பெயர் இல்லை. விளையாட்டின் பெயர் உண்டு. மாற்றியமைத்தவர் பெயர் உண்டு. மெட்டைப் பெற்றெடுத்தவர் பெயர் இல்லை. அவ்விளையாட்டின் முதன்மை மெட்டை அமெரிக்க நாட்டின் காங்கிரஸ் நூலகம் 2023இல் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. வீடியோ விளையாட்டிசை ஒன்று அப்பட்டியலில் இடம்பெற்றது அதுவே முதன்முறை. ஒரு நாட்டின் நூலகம் பேணத்தக்கது என்று கொண்ட இசையை இயற்றியவரை, அவர் மெட்டைக் கொண்டே புகழ் பெறுவார் மறத்தல் அறமாமோ? 1999இல் தோன்றிய ஓவர்க்ளாக்ட் ரீமிக்ஸ் என்னும் நிலையத்தார், அன்பர்கள் அனுப்பும் ஒவ்வொரு மாற்றிசையோடும் மூல ஆசிரியர் பெயரையும் பொறித்து வருகின்றனர். அங்ஙனம் செய்தல் எளிது என்பதற்கு அவர்களே சான்று.

இவ்வளவும் கூறியது ஒரு ரீமிக்ஸைப் பழித்தற்கு அன்று. எம் கவலை கேட்போராகிய நம்மைப் பற்றியதே. செவி ஒரு பக்கமும் சிந்தை ஒரு பக்கமுமாக, இசையை விசிறிக்காற்றைப் போலப் பயன்படுத்தும் வழக்கம் நம்மிடையே வேரூன்றி வருகின்றது. அவ்வழக்கத்திற்கு ஏற்ப, எழுச்சியுள்ள இசையும் எழுச்சி நீக்கியே நமக்குப் பரிமாறப்படுகின்றது. இன்று மெட்டின் மௌனத்தைப் பொறுக்கமாட்டாத செவி, நாளைச் செய்யுளின் இறுக்கத்தையும், நண்பன் பேச்சினிடையே எழும் மௌனத்தையும் பொறுக்குமோ? இளமையில் நாம் ஆடிய விளையாட்டின் நினைவு இனியது. ஆயின், அந்நினைவில் தோல்வியும் துடிப்பும் இருந்தன. அவற்றை நீக்கிவிட்டு நினைவை மட்டும் நுகர விரும்புவார், நுகர்வது தம் இளமையை அன்று.

ஆதலின் நண்பர்காள், படிக்கும்போது இளைப்பாற இசை வேண்டின், இளைப்பாறுதற்கென்றே இயற்றியவற்றைக் கேட்பீராக, அவற்றிற்குக் குறைவில்லை. ரீமிக்ஸ் இயற்ற விரும்பும் நம் மாணவர், மெட்டை எடுக்குமுன் அதன் மௌனங்களை எண்ணிப் பார்ப்பாராக. இயற்றியவர் பெயரைத் தம் பெயருக்கு மேல் எழுதுவாராக. யாவரும் ஒருநாள் மாலை நூலை மூடிவைத்து, அப்பழைய சுரங்கத்து மெட்டை அதன் பழைய வடிவிலேயே, வேறொன்றும் செய்யாது, ஒருமுறை கேட்போமாக. அஃது ஒரு சுற்று முடிவதற்கு ஒரு நிமிஷமும் ஆகாது. அவ்வளவு நேரம் முழுச்செவியோடு இருக்க நம்மால் இயலுமாயின், இக்கட்டுரை எழுதியதன் பயனை யாம் பெற்றவராவோம்.